மகள் வீட்டுக்குப் போகிறேன்: அமெரிக்கத் தேர்தல் பிரசாரத்தை நேரில் பார்க்க முடியுமா?

நங்கநல்லூர் டீச்சர் | 11 ஆகஸ்ட் 2024

எல்லோருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்த காலத்தில் பதினொரு தேர்தல்களுக்கு டூட்டி போயிருக்கிறேன். 1989 சட்டமன்றத் தேர்தலில் விரலில் மை வைக்க உட்கார்ந்தேன். 2016இல் பூத்துக்கே தலைமை அலுவலராகப் போனேன். அதுதான் கடைசி.

இந்த மாதக் கடைசியில் பென்சில்வேனியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்புகிறேன். பிலடெல்பியாவில் இருந்து காரில் ஒரு மணி நேரம். நவம்பர் கடைசி வரை இருப்பேன். மகள் போன வருடம்தான் குடியுரிமை வாங்கினாள், இதுதான் அவளுக்கு அங்கே முதல் ஓட்டு. நான் போகும் நேரத்தில் அந்த மாநிலத்தில்தான் பிரசாரம் உச்சத்தில் இருக்கும் என்கிறாள்.

என் கேள்வி இதுதான். விசிட்டர் விசாவில் போகிற என்னைப் போன்றவர்கள் பிரசாரக் கூட்டத்துக்குப் போகலாமா? வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போகிறவர்களோடு கூடப் போய்ப் பார்க்க முடியுமா? ஜூலை 13 அன்று அதே மாநிலத்தில் பட்லரில், டிரம்ப் கூட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வீட்டில் பயப்படுகிறார்கள். தங்கை மகன் ஒரு பிரசார டி-ஷர்ட் கேட்டிருக்கிறான், அதையும் வாங்க வேண்டும்.

அங்கே எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது. டிவியில் பார்த்தால் போதாதா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். எனக்குப் போதாது. முப்பது வருடம் ஓட்டுப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். இன்னொரு ஊரில் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஆலந்தூர்வாசி | 12 ஆகஸ்ட் 2024

டீச்சரம்மா, கூட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம், பார்வையாளராகப் போக எந்தத் தடையும் இல்லை. ஆனால் டி-ஷர்ட் விஷயத்தில் கவனம். வேட்பாளரின் அதிகாரபூர்வக் கடையில் வாங்கினால் அந்தப் பணம் பிரசார நன்கொடைக் கணக்கில் சேரும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத வெளிநாட்டவர் அமெரிக்காவில் எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை தரக் கூடாது, ஒரு டாலர்கூட. கூட்டம் நடக்கும் இடத்துக்கு வெளியே பிளாட்பாரத்தில் விற்பவர்கள் சொந்தமாக அச்சடித்து விற்கிறவர்கள். அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளம் வாங்காமல் தொண்டராக உதவி செய்ய வெளிநாட்டவரைத் தேர்தல் சட்டம் அனுமதிக்கிறது. பணம் எப்படிச் செலவாகலாம், யாரை எங்கே அனுப்பலாம் போன்ற முடிவுகளில்தான் தலையிடக் கூடாது. இருந்தாலும் நீங்கள் போவது விசிட்டர் விசாவில். வேலை செய்வது போலத் தோன்றும் எதையும் தொடாமல், கூடப் போய்ப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வேளச்சேரி 600042 | 12 ஆகஸ்ட் 2024

பிரசாரம் என்றால் கூட்டம் மட்டும் என்று நினைக்காதீர்கள் அம்மா. 2008 ஜனவரியில் ஆபீஸ் வேலையாக நான் அயோவா மாநிலத்தில் டெமாய்ன் நகரத்தில் இருந்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நிறைந்த ஊர், அதனால் நம் ஐடி ஆட்கள் நிறையப் பேர் அங்கே உண்டு. அந்த ஜனவரி 3ஆம் தேதி இரவு காக்கஸ் நடந்தது, அதாவது அதிபர் தேர்தலுக்குத் தங்கள் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யக் கட்சிக்காரர்கள் அந்தந்தப் பகுதியில் கூடும் கூட்டம். கூட வேலை பார்த்த ஒருவர் "வா, சும்மா உட்கார்ந்து பாரு" என்று ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கத்துக்குக் கூட்டிப் போனார். பார்வையாளர்களுக்கு ஓரமாக நாற்காலி போட்டிருந்தார்கள்.

ஜனநாயகக் கட்சியின் காக்கஸில் அப்போது வாக்குச்சீட்டே கிடையாது. ஒபாமாவுக்கு ஒரு மூலை, ஹிலாரிக்கு ஒரு மூலை, எட்வர்ட்ஸுக்கு ஒரு மூலை. யார் பக்கம் நிற்கிறீர்களோ அதுதான் ஓட்டு. தலை எண்ணினார்கள். 15 சதவீதம் சேராத மூலையில் நின்றவர்கள் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம். அந்த நேரத்தில்தான் உண்மையான பிரசாரத்தைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரரின் தோளில் கை போட்டு, "எங்க பக்கம் வந்துடுங்க" என்று கெஞ்சுகிறார். என் நண்பர் ஒரு மூலையில், அவர் மனைவி எதிர் மூலையில். வெளியே கொட்டிக் கிடந்த பனியில் இரண்டு பேரும் ஒரே காரில் வீட்டுக்குப் போனார்கள்.

அன்று ஒபாமா ஜெயித்தார், ஹிலாரி மூன்றாம் இடம். ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ஷயரில் ஹிலாரி ஜெயித்தார். எல்லா மாநிலங்களுக்கும் முன்னால் அயோவாவில் நடத்தும் வழக்கத்தை ஜனநாயகக் கட்சி இந்த வருடம் எடுத்துவிட்டது, மூலையில் நிற்கும் முறையும் இல்லை. அதனால் நீங்கள் பார்க்கப் போவது வேறு மாதிரி இருக்கும். வாசல்படியில் நடப்பதைத் தவறவிடாதீர்கள்.

அம்பத்தூர் டு ஆலன்டவுன் | 14 ஆகஸ்ட் 2024

டீச்சர், நான் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். கூட்டத்துக்கு டிக்கெட் இலவசம், போன் நம்பர் கொடுத்துப் பதிய வேண்டும். மகளின் நம்பரைக் கொடுத்தால் நவம்பர் வரை நன்கொடை கேட்டு மெசேஜ் வந்துகொண்டே இருக்கும், முதலிலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள். டிக்கெட் கையில் இருந்தாலும் உள்ளே இடம் உறுதி இல்லை, முன்னால் வந்தவர்களுக்குத்தான். நாலைந்து மணி நேரம் முன்பே வரிசையில் நிற்க வேண்டும். பெரிய பை, தண்ணீர் பாட்டில், குடை எதையும் விட மாட்டார்கள். வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போக முடியாது. மாத்திரை சாப்பிடும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், உட்கார நாற்காலி கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

நங்கநல்லூர் டீச்சர் | 8 டிசம்பர் 2024

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. பார்த்ததை எழுதுகிறேன் என்று மனதில் சொல்லிக்கொண்டு போனேன், எழுதாவிட்டால் எனக்கே தூக்கம் வராது.

முதலில் கூட்டங்கள். இரண்டுக்கும் போனேன், இரண்டும் ஆலன்டவுனில். அக்டோபர் 29 அன்று டிரம்ப் கூட்டம், நகரத்து நடுவில் இருக்கும் உள்ளரங்கில். நவம்பர் 4 அன்று கமலா ஹாரிஸ் கூட்டம், முஹ்லன்பெர்க் கல்லூரியில். டிரம்ப் கூட்டத்து வரிசையில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு அம்மா, தான் கொண்டுவந்த மடக்கு நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் நின்றார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று நம் ஊர் ரயிலில் கேட்பது போலக் கேட்டார். ஹாரிஸ் கூட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகள் நிறைய. எனக்கு மேடையே தெரியவில்லை, குரல்தான் கேட்டது. ஹாரிஸுடைய தாத்தாவின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்துக் கோயிலில் அவருக்காகப் பூஜை நடப்பதைச் செய்தியில் பார்த்த ஒரு பெண், "அது உங்கள் ஊரா?" என்று கேட்டாள். அது திருவாரூர் மாவட்டம், எங்கள் ஊரில் அவருடைய தாத்தா வீடு இருந்தது பெசன்ட் நகரில் என்று விளக்கினேன்.

மேடையைப் பற்றி ஒரு விஷயம். நம் ஊரில் மேடை நிறையத் தலைவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், "அவர்களே, அவர்களே" என்று பெயர் சொல்லி முடிக்கவே கால் மணி நேரம் ஆகும். அங்கே பேசுகிறவருக்குப் பின்னால் பொதுமக்களை உட்கார வைக்கிறார்கள். டிவி கேமராவில் தலைவரோடு சேர்ந்து அவர்கள் முகம்தான் தெரியும்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் தேதி. நவம்பர் 4 என்றால் மறுநாள் ஓட்டு! நமக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் ஓய்ந்து, ஊரே அமைதியாகி, நாங்கள் மெஷினை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்திருப்போம். அங்கே ஓய்வு என்பதே இல்லை. ஓட்டு நாளன்றும் டிவியில் விளம்பரம் ஓடுகிறது. எனக்கு நம் முறைதான் பிடித்திருக்கிறது. ஓட்டுப் போடுகிறவருக்கு யோசிக்க இரண்டு நாள் சத்தமில்லாமல் கிடைக்க வேண்டும்.

சரி, கூட்டத்தை விடுங்கள். வேளச்சேரித் தம்பி சொன்ன வாசல்படிக்கு வருகிறேன்.

மகள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார், எழுபது வயது. சனிக்கிழமைதோறும் ஜனநாயகக் கட்சிக்காக வீடு வீடாகப் போவார். "நான் வாயைத் திறக்க மாட்டேன், கூட வரலாமா?" என்று கேட்டேன், அழைத்துப் போனார். அவர் கையில் காகிதப் பட்டியல் இல்லை, போனில் மினிவேன் என்று ஒரு ஆப். அதைத் திறந்தால் தெரு, வீட்டு எண், பெயர், வயது, எந்தக் கட்சியில் பதிவு செய்தவர் என்பது வரை வருகிறது. நம் ஊரில் கட்சிக்காரர் கையில் இருக்கும் வாக்காளர் பட்டியலில் அப்பா பெயர் இருக்கும், கணவர் பெயர் இருக்கும், எந்தக் கட்சி என்பது அந்த ஏஜென்டின் மனக்கணக்கில்தான் இருக்கும். அங்கே வாக்காளராகப் பதியும்போதே கட்சியையும் எழுதுகிறார்கள். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில் அந்த மாநிலத்தில் பதிவு செய்த கட்சிக்காரர் மட்டும்தான் ஓட்டுப் போடலாம், அதற்காக.

நோட்டீஸை வாசலில் இருக்கும் தபால் பெட்டிக்குள் போடக் கூடாது. அதில் தபால்தலை ஒட்டி வந்தவற்றை மட்டும்தான் போடலாமாம், மீறினால் அபராதம். அதனால் கதவுக் கைப்பிடியில் மாட்டுவதற்கு ஓட்டை போட்ட அட்டையாகவே அச்சடித்திருக்கிறார்கள். ஒரு பை நிறைய அதைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மா நடந்தார், மேப்பிள் இலை காலடியில் நொறுங்க நொறுங்க.

பாதி வீடுகளில் கதவே திறக்கவில்லை. திறந்தவர்களில் பலர் "ஏற்கெனவே முடிவு பண்ணியாச்சு" என்று மூடிவிட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வாரிக்கொண்டிருந்த இலைக் குவியலில் துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு பேச ஆரம்பித்தார். மளிகை பில்லைப் பற்றித்தான் பேசினார். முட்டை விலை, மாட்டிறைச்சி விலை, கார் இன்ஷூரன்ஸ். யாருக்கு ஓட்டு என்று கடைசிவரை சொல்லவில்லை. நர்ஸம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, "அப்புறம்?", "அப்புறம்?" என்பது போலத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பத்து நிமிடம் இருக்கும். போகும் நேரத்தில் அவர், அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார், இந்தத் தடவை ஓட்டுச்சாவடிக்கு எப்படிக் கூட்டிப் போவது என்று தெரியவில்லை என்றார்.

நர்ஸம்மா போனில் பார்த்தார். அந்தச் சக்கர நாற்காலி அம்மா பதிவு செய்திருந்தது குடியரசுக் கட்சியில். எனக்கும் திரை தெரிந்தது. தபால் ஓட்டுக்கு விண்ணப்பிக்க அக்டோபர் 29 கடைசி நாள், இன்னும் பத்து நாள் இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அந்த விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு போய், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் குறித்துக் கொடுத்துவிட்டு வந்தார். அது அவர் கட்சிக்கு எதிராக விழப் போகிற ஓட்டாக இருக்கலாம். ஏன் போனீர்கள் என்று நான் கேட்டேன். "அந்த அம்மாவுக்கு 88 வயது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இந்த ஏப்ரலில் நம் ஊரில் 85 வயது தாண்டியவர்களுக்கு 12டி படிவம் கொடுத்து வீட்டிலேயே ஓட்டு வாங்கினார்கள். அரசாங்க ஊழியர்கள் போலீஸோடு வேன் எடுத்துக்கொண்டு போய்ச் செய்த வேலை அது. என் பெரியம்மா அப்படித்தான் ஓட்டுப் போட்டார். அந்த நர்ஸ் எந்த உத்தரவும் இல்லாமல் தன் கால்வலியோடு நடந்து போய்ச் செய்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. அங்கே அன்று பொது விடுமுறை இல்லை, ஆபீஸ் போகிறவர்கள் விடிகாலையில் வரிசை கட்டிவிட்டார்கள். ஏழு மணிக்குக் கதவு திறந்தது. வாக்காளர் இல்லாதவர் உள்ளே போகக் கூடாது, நான் வெளியே மரத்தடியில் நின்றேன். நம் ஊரில் பூத்தில் இருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது, சுண்ணாம்பில் கோடு போட்டிருப்போம். அங்கே பத்து அடிதான்! கதவுக்குச் சற்றுத் தள்ளி இரண்டு கட்சிக்காரர்களும் மேசை போட்டு மாதிரி வாக்குச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கொண்டுவந்த காபியை மற்றவரும் குடித்தார்.

மெஷினில் பட்டன் அழுத்துவது இல்லை. நீளமான காகிதச் சீட்டு, பேனாவால் வட்டத்தை நிரப்பி ஸ்கேனரில் விட வேண்டும். அதிபர், செனட்டர், காங்கிரஸ் உறுப்பினர், மாநில அட்டர்னி ஜெனரல், தணிக்கையாளர், பொருளாளர், மாநில சட்டசபை உறுப்பினர் எல்லாம் ஒரே சீட்டில். மகள் வெளியே வரும்போது சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். விரலை நீட்டு என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். மை இல்லாத விரலைப் பார்க்க எனக்கு என்னவோ போலத்தான் இருந்தது.

சாயங்காலம் திரும்பவும் போனேன். முடிப்பதைப் பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது. எட்டு மணி ஆனதும் உள்ளே இருந்து ஒருவர் வந்து வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அதற்கு மேல் வருகிறவர் சேர முடியாது, முன்னால் நிற்பவர் எல்லோரும் ஓட்டுப் போடலாம். நாங்கள் கடைசி ஆளுக்கு 1 என்று சீட்டு கொடுத்து, அங்கிருந்து முன்பக்கமாக எண் போட்டுக்கொண்டு வருவோமே, அதே வேலை. இருட்டில் அந்த மனிதரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்த ஒருவரைப் பார்த்தது போல இருந்தது.

விடிவதற்குள் முடிவு தெரிந்துவிட்டது. அங்கே அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்துக்கு இத்தனை என்று எலெக்டர் ஓட்டுகள் உண்டு, பென்சில்வேனியாவின் 19 ஓட்டுகளும் டிரம்புக்கு. மொத்தத்தில் 312க்கு 226. மறுநாள் சாயங்காலம் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஹாரிஸ் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசியதை மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். நர்ஸம்மா அதைப் பார்க்கவில்லை, தோட்டத்தில் நட்டிருந்த பிரசாரப் பலகையைப் பிடுங்கிக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் ஒரு டம்ளர் ரசம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆலந்தூர்வாசி | 9 டிசம்பர் 2024

படித்து முடித்ததும் என் அம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன் டீச்சரம்மா. இரண்டு சந்தேகம். ஓட்டுப் போடும்போது அடையாள அட்டையே கேட்பதில்லை என்கிறார்களே, உண்மையா? அப்புறம், உங்கள் பதவியில் அங்கே இருப்பவரிடம் பேச முடிந்ததா?

நங்கநல்லூர் டீச்சர் | 10 டிசம்பர் 2024

தம்பி, அட்டை விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பென்சில்வேனியாவில் ஒரு வாக்குச்சாவடியில் முதல் தடவை ஓட்டுப் போடுகிறவர் அட்டை காட்ட வேண்டும். மகள் டிரைவிங் லைசென்ஸ் காட்டினாள். அடுத்த தடவையில் இருந்து பெயர் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், பழைய கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள். நம் 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, மையும் வைத்து அனுப்பிய எனக்கு அது போதுமென்று தோன்றவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்த பிறகு அவர்கள் எதை நம்பி அப்படி விடுகிறார்கள் என்று புரிந்தது.

உன் இரண்டாவது கேள்விக்கும் அதில்தான் பதில். தேர்தல் முடிந்த அடுத்த வாரம் நர்ஸம்மா அந்த வாக்குச்சாவடியின் தலைமை அலுவலரை மகள் வீட்டுக்கு டீ குடிக்க அழைத்து வந்தார். அங்கே அந்தப் பதவிக்குத் தேர்தல் நீதிபதி என்று பெயர். அதற்கும் தேர்தல் உண்டு! அந்தச் சாவடியின் வாக்காளர்களே நாலு வருடத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட இரண்டு ஆய்வாளர்கள், அந்தப் பதவிக்கு அதிக ஓட்டு வாங்கியவர் ஒருவர், அடுத்தபடியாக வாங்கியவர் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டு பேரும் வேறு வேறு கட்சியாக அமைந்துவிடும். இந்த அம்மா 2025இல் திரும்ப நிற்க வேண்டும்.

போனில் ஏப்ரல் 19 அன்று எடுத்த என் விரல் படத்தைக் காட்டினேன். மை எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டார். நகம் வளர்ந்து வெட்டுகிற வரை என்றேன். உங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டார். எங்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, கலெக்டர் ஆபீஸில் இருந்து உத்தரவு வரும், எந்தப் பள்ளி என்று முந்தின நாள்தான் தெரியும், சொந்தத் தொகுதியில் போடவே மாட்டார்கள் என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அப்படியானால் வருகிறவர்களின் முகம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

தெரியக் கூடாது என்றுதான் என்றேன்.

அதன் பிறகு இரண்டு மணி நேரம் பேசினோம். மகள் மூன்று தடவை டீ போட்டாள்.